பானையடியில் ஒரு பிடி

இரட்டைப் பாலத்துத் தோட்டத்தில் பஞ்சாலைக்குக் 'காத்துக்காரி' என்று பெயர். பெயர் வைத்தது யார் என்று கேட்டால் லயத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூப்பிடுவதில் மட்டும் ஒருவரும் குறை வைக்கவில்லை. கடல் பக்கம் வானம் லேசாகக் கறுத்தால் போதும், அவள் பீப்பாயின்மேல் ஏறி நின்று கூரைத் தகரத்தைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். ஊரே சிரிக்கும். சிரிப்பவர்களைப் பார்த்து அவளும் சிரிப்பாள். ஆனால் கயிற்றை இறுக்குவதை நிறுத்த மாட்டாள்.

தோட்டம் இருந்தது மலாய் நாட்டில், புக்கிட் பெலண்டோக்குக்கு உள்ளே. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. தொரைக்கும் கணக்கெழுதுகிற கிராணிக்கும் அது பயன்பட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. ஆற்றின்மேல் அடுத்தடுத்து இரண்டு மரப்பாலங்கள், அவற்றைத் தாண்டினால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அதாவது லயம். அரிசி லாரி வருவதும் அந்தப் பாலங்களின்மேல்தான், பிணம் போவதும் அவற்றின்மேல்தான்.

பஞ்சாலை அந்த லயத்தில் பிறந்தவள். பால்மரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் வளர்ந்து, அதே லயத்துச் சன்னாசியைக் கட்டிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளிக் குடிபோனவள். அவள் செய்த பெரிய பயணம் அதுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் சுமத்ராக் காற்று. கடலுக்கு அந்தப் பக்கம் கிளம்பி, சி ரூசா கரையில் ஏறி, விடிகிற நேரத்தில் தோட்டத்தின்மேல் வந்து விழும். ரொம்ப நேரம் நிற்காது. வந்த வேகத்தில் போய்விடும். போகும்போது எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் போகும்.

ஜப்பான்காரன் காலத்தில் அது பஞ்சாலையின் வீட்டுக்கு வந்தது. சன்னாசியைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் அவளும், நடக்கப் பழகியிருந்த மகள் லெட்சுமியும் மட்டும். காற்று கூரையைத் தூக்கியது, வெள்ளம் பாலங்களைத் தூக்கியது. வெளியிலிருந்து ஒரு மணி அரிசி வர வழியில்லை. பஞ்சாலை அரிசிப் பானைக்குள் கையை விட்டு, அடியில் ஒட்டியிருந்ததை எல்லாம் விரலால் சுற்றித் துடைத்து எடுத்துக் கஞ்சி வைத்தாள். பானையை அப்படித் துடைத்து எடுக்கக் கூடாது, அடியில் ஒரு பிடியாவது கிடக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். லயத்தில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அதையும் மீறித் துடைத்தாள். அந்தக் கஞ்சி தீர்ந்த பிறகு குழந்தை மறுபடி கேட்டது. பஞ்சாலை சுடுதண்ணீரில் உப்பைப் போட்டு ஊட்டினாள். குழந்தை ஏமாறவில்லை. வெள்ளம் வடிவதற்குள் அது போய்விட்டது.

பசியில் போனதா, காய்ச்சலில் போனதா என்று யார் கண்டது. பஞ்சாலையின் மனசு ஒரே கணக்கைத்தான் போட்டது: நான் பானையைத் துடைத்தேன், பிள்ளை போய்விட்டது. சன்னாசி சயாமிலிருந்து பாதி உடம்போடு திரும்பி வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அது அவள் காதில் ஏறவில்லை. அதற்குப் பிறகு குழந்தையும் தங்கவில்லை. உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் அவள் கை ஒரு பிடியைத் திருப்பி ஒதுக்கி வைக்கப் பழகியது. அடுத்த காற்றுக்கு என்பாள். சன்னாசியும் விட்டுவிட்டான். ஒரு பிடி அரிசி யாரைக் கடிக்கப் போகிறது?

கடிக்கிற காலம் வந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சர்க்கார் அவசரகாலச் சட்டம் போட்டது. தூரத் தூரமாக இருந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் கொண்டுவந்து நட்டு, சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்தார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். அளந்ததற்குமேல் ஒரு வீட்டில் அரிசி இருந்தால் அது காட்டுக்காரனுக்குப் போகிற அரிசி. அவ்வளவுதான் சட்டம், மேல்பேச்சு இல்லை. கடையில் மீன் டின் வாங்கினால், பதுக்கி வைக்க முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரவள்ளிக் குச்சி நடக்கூடாது. காலையில் வேலிக்கதவில் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பால்மரக் காட்டில் வேலை செய்கிறவள் மத்தியானக் கஞ்சிக்கு லயத்துக்குத் திரும்பி வரவேண்டும், இல்லாவிட்டால் பட்டினி.

இந்த நேரத்தில்தான் சன்னாசி பால் வெட்டுகிற மர நிரையில், ஒரு பால்மரத்து வேருக்கடியில், இலையில் கட்டிய அரிசிப் பொட்டலம் ஒன்று கிடந்தது. யார் வைத்தார்களோ, யாருக்கு வைத்தார்களோ. சன்னாசியை விசாரணைக்குச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவன் பேச்சே குறைந்துபோயிருந்தது. இன்னொரு தடவை அகப்பட்டால் புருஷனும் பெண்டாட்டியும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்தியாவில் பஞ்சாலைக்கு யார் இருக்கிறார்கள்? நாகப்பட்டினம் என்பது அவளுக்குச் செத்துப்போன அப்பாவின் வாயில் கேட்ட ஒரு சொல். லெட்சுமியைப் புதைத்த மேடு இங்கே ஆற்றங்கரையில் இருந்தது.

ஒதுக்கி வைத்த அரிசியை எல்லாம் ஆக்கித் தீர்த்துவிடு என்று சன்னாசி சொன்னான். தீர்த்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். அவனிடம் அவள் சொன்ன ஒரே பொய் அது. அரிசி சாமிக் கலயத்துக்குப் போயிருந்தது.

அவர்கள் வீட்டுக் குலசாமிக்கு மூலைப் பலகையில் ஒரு மண்கலயம் உண்டு. மஞ்சள் பூசி, வாயில் மஞ்சள் துணி கட்டி, உள்ளே திருநீற்று முடிச்சு வைத்த கலயம். ஆடிக்கு ஒரு தடவைதான் அவிழ்ப்பார்கள். சோதனைக்கு வருகிறவர்கள் பாயை உதறினார்கள், அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள். கலயத்தை மட்டும் யாரும் தொட்டதில்லை. சாமியை வைத்து ஏமாற்றுகிறோமே என்று பஞ்சாலைக்குப் பயமாகத்தான் இருந்தது. சர்க்காரை ஏமாற்றுகிற பயத்தைவிட அது ஒரு நூல் குறைச்சல். அரிசி விழுகிற சத்தம் கேட்காமல் இருக்க, துணியின் ஓரத்தைத் தளர்த்தி, கையை உள்ளே விட்டு, மெதுவாக இறக்குவாள்.

சத்தத்துக்கு அவள் அவ்வளவு பயந்ததற்குக் காரணம் அடுத்த வீடு. நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். அது கூரைவரை எட்டாது, மேலே ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடக்கும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அந்தப் பக்கம் இருந்தது ஆம்புரோஸ். புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்தவன், இப்போது காக்கிச் சட்டை போட்டு, துப்பாக்கி தூக்கி, வேலியைக் காவல் காக்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அவன் பெண்டாட்டி லில்லிக்குத் தலைப்பிரசவம் பார்த்தவர்களில் பஞ்சாலையும் ஒருத்தி. ஆம்புரோஸ் நல்ல பிள்ளைதான். துப்பாக்கியும் சம்பளமும் கொடுத்தவர்கள் அவனிடம் நல்ல பிள்ளைத்தனத்தைக் கேட்கவில்லையே.

ஒருநாள் பிற்பகலில் காற்று சுத்தமாக நின்றுபோயிற்று. பால்மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறின. பஞ்சாலை ஸ்டோரில் பாலைக் கொட்டிவிட்டு வெளியே வந்து மேற்கே பார்த்தாள். கடல் பக்கம் வானத்தின் அடியில், பலகையை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு கறுப்பு.

வீட்டுக்கு ஓடினாள். சன்னாசியை விரட்டிக் கூரைக்குப் பாரமாகக் கல் தூக்க வைத்தாள். கோணிக் கயிற்றை முறுக்கித் தகரத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அடியில் கட்டுக்கட்டையில் இழுத்துக் கட்டினாள். கம்பி இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கம்பி என்றால் வேலிக்கம்பி என்றுதான் எழுதிக்கொள்வார்கள். விறகைப் படுக்கைப் பலகைக்கு அடியில் தள்ளினாள். தீப்பெட்டியை டின்னில் போட்டு மூடினாள். பீப்பாயில் தண்ணீர் நிரப்பினாள். வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டினாள். கோழியைக் கூடையில் கவிழ்த்து உள்ளே கொண்டுவந்தாள்.

அந்தப் பக்கம் வந்த, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் நல்லசாமி, காத்துக்காரிக்கு இந்தத் தடவை தந்தி வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனான். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஆம்புரோஸிடம், உன் கூரையையும் கட்டித் தருகிறேன், கொஞ்சம் கயிறு மட்டும் கொண்டுவா என்று அவள் கெஞ்சினாள். தொரை போட்ட கூரை, பறக்காது அக்கா என்று அவன் சிரித்துக்கொண்டே போனான். லில்லி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியவள் கலயத்தை மட்டும் இறக்கி வைக்கவில்லை. தூக்கினால் கனம் தெரியும். சாமிக் கலயத்துக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கனம் என்று சன்னாசி கேட்பான்.

காற்று விடியும்போது வந்தது. வேலிக்கதவு திறக்கும் மணி இன்னும் அடிக்கவில்லை. மணி அடிக்கும்வரை யாரும் லயத்தை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் சுடலாம் என்று காவலுக்கு உத்தரவு. வீட்டுக்குள் இருந்தால் கூரை தலையில் விழும், வெளியே ஓடினால் குண்டு. லயம் முழுக்க ஜனங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டாமல் நின்று அலறினார்கள். ரயில் ஒன்று தலைக்குமேல் ஓடுகிறமாதிரி இரைச்சல். காட்டுப் பக்கம் பால்மரங்கள் முறிகிற சத்தம் வெடிபோலக் கேட்டது. அது மரமா துப்பாக்கியா என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் போனது லில்லி வீட்டுத் தகரம். அது போகிற போக்கில் பஞ்சாலை வீட்டுத் தகரம் ஒன்றையும் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போனது. சாமி மூலைக்கு மேலிருந்த தகரம் அது. மற்றவை கயிற்றில் நின்று உறுமின. அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை மழைக்குள் மூழ்கியது. பஞ்சாலை படுக்கைப் பலகைமேல் ஏறி, சுவருக்கு மேலே இரண்டு கையையும் நீட்டினாள்.

"லில்லி, புள்ளைய இப்படிக் குடு. நீயும் சுவரேறி வா. வாசல் பக்கம் போகாதே."

நனைந்த துணி மூட்டையாகக் குழந்தை அவள் கைக்கு வந்தது. பின்னாலேயே லில்லியைச் சன்னாசி இழுத்துப் போட்டான். மூவரும் குழந்தையோடு படுக்கைப் பலகைக்கு அடியில், விறகுக்கு நடுவில் சுருண்டுகொண்டார்கள். அங்கிருந்து பார்த்தால் மூலை தெரிந்தது. திறந்த கூரை வழியாக மழை நேராகக் கலயத்தின்மேல் கொட்டியது. மஞ்சள் துணி தண்ணீரின் பாரத்தில் குழிந்து, நிரம்பி, உள்ளே ஒழுகியது. பஞ்சாலை பார்த்துக்கொண்டே கிடந்தாள். கையில் குழந்தை இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை.

விடிந்து வெளியே வந்தபோது தோட்டத்தை அடையாளம் தெரியவில்லை. இரண்டு பாலமும் இல்லை. ரோட்டின்மேல் பால்மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. காட்டுப் பக்கத்து வேலி முழுதும் படுத்துவிட்டது. கடை இருந்த இடத்தில் நாலு தூண்களும் சேறும். அளவு அரிசி கொடுக்கும் நாள் நெருங்கியிருந்ததால் எல்லார் வீட்டுப் பானையிலும் அரிசி அடியைத் தொட்டிருந்தது. லாரி வராது என்று கிராணி சொன்னார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. ஜனங்கள் விழுந்த பப்பாளி மரத்துக் காய்களை அவித்துத் தின்றார்கள். அதுவும் தீர்ந்தது.

காவல் மட்டும் தீரவில்லை. வேலி விழுந்த இடத்தில் ஆம்புரோஸும் மற்றவர்களும் துப்பாக்கியோடு நின்றார்கள். வேலி இல்லாதபோது உள்ளேயிருந்து காட்டுக்கு எது வேண்டுமானாலும் போகலாம், அதனால் வெள்ளைக்கார அதிகாரி ஆற்றைக் கடந்து வந்து வீடுவீடாகப் பார்ப்பார் என்று பேச்சு அடிபட்டது. அதைக் கேட்டதிலிருந்து பஞ்சாலை வாசலையும் சாமி மூலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல், அவள் வீட்டில் ஒரு வாடை கிளம்பியிருந்தது.

முதலில் அதை முகர்ந்தது சன்னாசி. புளித்த வாடை. பாயை முகர்ந்தான், அடுப்படியை முகர்ந்தான், மூலைக்குப் போனான். கலயத்தைத் தொட்டு நகர்த்திப் பார்த்தான். நகரவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஊறி உப்பி, திருநீறு கரைந்து, கழுத்துவரை அரிசி.

அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் தேவலாம் என்று பஞ்சாலைக்கு இருந்தது. அவன் முகத்தில் சிரம்பானுக்குப் போய்வந்த நாளின் முகம் திரும்ப வந்திருந்தது.

"தூக்கிப் போட்டா சேத்துல வெள்ளையாத் தெரியும்," என்றான் சுவருக்குக் கேட்காத குரலில். "வச்சிருந்தா நாறும். ஆக்கினா மணக்கும். என்னா செய்யப் போற, பஞ்சாலை?"

அவள் கலயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளைக்காகச் சேர்த்தோம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். புருஷனைக் கப்பலேற்றத்தான் சேர்த்தோமா என்று இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. பெரிய அழுகை இல்லை. அழத் தெம்பில்லாத பிள்ளை சிணுங்குகிற சத்தம். அந்தச் சத்தத்தைப் பஞ்சாலை முன்பு கேட்டிருக்கிறாள். லில்லி சுவரருகே வந்து நின்றது பலகை இடுக்கில் தெரிந்தது.

"அக்கா, பால் வத்திப் போச்சு. கஞ்சித்தண்ணி ஒரு மங்கு இருந்தாக் குடுங்க லா."

லயத்தில் யார் வீட்டிலும் கஞ்சி இல்லை என்று லில்லிக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள், அவளுக்குக் கேட்க வேறு வீடு இல்லை. அவள் புருஷன் துப்பாக்கிக்காரன். அவளுக்குக் கொடுக்கிற கஞ்சி அவனிடம் கொடுக்கிற வாக்குமூலம். பஞ்சாலை சன்னாசியைப் பார்த்தாள். சன்னாசி குனிந்திருந்தான். பிறகு எழுந்து, பலகைக்கு அடியிலிருந்து காய்ந்த விறகை இழுத்தான்.

மறைத்துச் செய்ய ஒன்றுமில்லை. கூரையில் ஓட்டை, புகை நேராக மேலே போனது. இருந்த பெரிய சட்டியில் உலை ஏற்றி, கலயத்தைச் சாய்த்துக் கை கையாக அரிசியை வாரி, திருநீறு போகக் கழுவிப் போட்டாள். அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது, அதையும் பொறுக்கிப் போட்டாள். அரிசி வேகிற மணம் பசித்த லயத்துக்குள் போய்விட்டது. ஒவ்வொருத்தியாக மங்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டால் பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டுமே. முதல் மங்கு சுவருக்கு மேலே போனது. மற்றவர்களுக்கு ஊற்றி முடிக்கும்போது வாசல் இருண்டது.

ஆம்புரோஸ் நின்றிருந்தான். சேற்றில் முட்டிவரை நனைந்த கால்சட்டை, தோளில் துப்பாக்கி. பெண்கள் மங்கோடு ஒதுங்கினார்கள். அவன் சட்டியைப் பார்த்தான், பஞ்சாலையைப் பார்த்தான், அவிழ்ந்து கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை மடக் மடக்கென்று கஞ்சித்தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டது. பஞ்சாலை அகப்பையில் மிச்சமிருந்ததை ஒரு மங்கில் ஊற்றி நீட்டினாள். அவன் நின்றபடியே குடித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வேலிக்குத் திரும்பிப் போனான்.

அன்று சாயங்காலமே அதிகாரி வந்தார். கூட இரண்டு போலீஸ்காரர்கள், பேசுவதற்கும் கிளறுவதற்கும் ஆம்புரோஸ். வரிசையாக வந்து பஞ்சாலை வீட்டில் நுழைந்தார்கள். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. கலயம் மூலையில், துணி கட்டி, பழைய இடத்தில். அதிகாரி காலால் விறகைத் தள்ளினார். நாளெல்லாம் நடந்து களைத்த மனிதர். வெளியே போகத் திரும்பியவர் கலயத்தைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று மலாயில் கேட்டார். சாமி என்று ஆம்புரோஸ் சொன்னான். திறந்து பார் என்றார்.

அந்தக் கணத்தில்தான் பஞ்சாலைக்கு நினைவு வந்தது. அரிசியை எல்லாம் வாரி எடுத்தாள், ஆனால் துடைக்கவில்லை. லெட்சுமி போன நாளிலிருந்து அவள் கை எந்தப் பானையையும் துடைத்ததில்லை. இன்றைக்கும், இத்தனை அவசரத்திலும், அது அவளைக் கேட்காமலே அடியில் ஒரு பிடியை விட்டு வைத்திருந்தது. அவள் வாய்க்குள் சாமி பெயர்கூட வரவில்லை.

ஆம்புரோஸ் துணியை அவிழ்த்தான். கையை உள்ளே விட்டான். கை அடியைத் தொட்டதும் அவன் தோள் ஒரு விநாடி நின்றது. பிறகு விரல்கள் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுவது தெரிந்தது. மூடிய முட்டியோடு கை வெளியே வந்தது, மணிக்கட்டுவரை கரைந்த திருநீறு அப்பியிருந்தது.

"அபு, துவான்," என்றான். வெறும் சாம்பல், தொரை.

அதிகாரி டார்ச்சு அடித்துக் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தார். அடி சுத்தமாக இருந்தது. நிமிர்ந்தவர் ஆம்புரோஸின் மூடிய கையைப் பார்த்தார். ஆம்புரோஸ் அந்தக் கையின் புறங்கையாலேயே நெற்றியில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டான், கோயிலில் சாம்பல் புதனுக்குப் பாதிரியார் இட்டுவிடுகிற இடத்தில். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். ஆம்புரோஸ் பின்னாலேயே போனான். லயம் முடிகிறவரை அவன் முட்டி திறக்கவில்லை. பஞ்சாலை கதவைப் பிடித்துக்கொண்டு அந்த முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தப்பித்தோம் என்று சன்னாசி தரையில் சரிந்தான். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அரிசி கலயத்தில் இருந்தவரை அது அவளுடைய ரகசியம். இப்போது அது ஒரு காக்கிச் சட்டைக்காரனின் கையில் இருக்கிறது. அவன் அதை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். மேலதிகாரி அதட்டினால் திறக்கலாம், பதவி உயர்வு கிடைக்குமென்றால் திறக்கலாம், குடித்துவிட்டுக்கூடத் திறக்கலாம். இன்னொன்றும் அவளை அரித்தது. அவன் பானையைத் துடைத்துவிட்டான். அடி வெறுமையாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கிறது.

பாலம் கட்டினார்கள். வேலி நிமிர்ந்தது. லாரி வந்தது. பஞ்சாலை விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனாள், பால் வெட்டினாள், திரும்பி வந்தாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டாள். ஆம்புரோஸ் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். அவனும் அவளைப் பார்க்காமல் போனான். பார்க்காமல் போவது நல்லதற்கா கெட்டதற்கா என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை தும்மினால்கூட எழுந்து உட்கார்ந்து காது கொடுத்தாள். உலைக்கு அரிசி எடுக்கும்போது கை ஒரு பிடியை ஒதுக்கப் போகும், அவள் அதைப் பிடித்து நிறுத்துவாள். கலயத்தின் பக்கம் அவள் போகவே இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு மேலே வளையல் சத்தம் கேட்டது. லில்லியின் கை. கையில் சின்னதாக ஒரு துணி முடிச்சு. பஞ்சாலை எழுந்து அதைப் பார்த்தாள். தொடவில்லை. முடிச்சின் வடிவத்திலேயே அது என்னவென்று தெரிந்துவிட்டது. சன்னாசி வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். இது கண்ணியாக இருந்தால்? வாங்கின கையோடு வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால்?

கை அங்கேயே இருந்தது. கொஞ்சம் நடுங்கியது. கொடுக்கிறவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் பஞ்சாலைக்குப் புரிந்தது.

"வாங்கிக்குங்க அக்கா," என்றது பலகைக்குப் பின்னால் லில்லியின் குரல், மிகவும் தாழ்வாக. "அன்னிக்கு எடுத்தத கொணாந்து எங்கப் பானையில போட்டுட்டாரு. ஒங்கப் பானை வெறுமனே கிடக்கக் கூடாதாம். அவருதான் குடுக்கச் சொன்னாரு."

பஞ்சாலை முடிச்சை வாங்கினாள். மூலைக்குப் போய்த் துணியை அவிழ்த்து, கையைக் கலயத்தின் அடிவரை விட்டு, சத்தம் வராமல் அந்த ஒரு பிடியை இறக்கினாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். லெட்சுமிக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை என்று சன்னாசி பின்னாளில் சொல்வான்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வேலியைப் பிடுங்கி எறிகிற நாள்வரை அது இரண்டு வீட்டிலும் இருந்தது. அன்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சுவரருகே வந்து நின்றாள்.

"லில்லி," என்றாள். "ஆம்புரோஸ்கிட்டச் சொல்லு, கயிறு வேணும். நாளைக்கு ஒங்கக் கூரையக் கட்டிறலாம்."